பழைய மாருதி 800-இன் சக்கரக் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

எங்கள் வீட்டு மாருதி 800, அப்பா 1998-இல் வாங்கிய வண்டி. வடசென்னையின் தண்டையார்பேட்டையில் வீட்டு வாசலிலேயே, கடற்காற்றிலும் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசியிலும் கால் நூற்றாண்டுக்கு மேல் நின்றது. அப்பாவால் ஓட்ட முடியாமல் போன பிறகு அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்தது. அதுவரை ஸ்டெப்னி மாற்றக்கூட எனக்குத் தெரியாது. அந்த வண்டியின் சக்கரங்களில் அடுத்தடுத்து வந்த கோளாறுகளை ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடித்ததில் கற்றதை, என்னைப் போலப் பழைய குடும்ப வண்டியோடு புதிதாக ஸ்பேனர் பிடிப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

சக்கரத்தில் சத்தமோ நடுக்கமோ வந்தவுடன் எந்தப் பாகத்தை மாற்றுவது என்றுதான் மனம் போகும். அதற்கு முன்னால் நான்கு விவரங்கள் தெரிய வேண்டும். கோளாறு எந்த வேகத்தில் தெரிகிறது. நேராகப் போகும்போதா, வளைக்கும்போதா. பிரேக்கை மிதித்தால் கூடுகிறதா, குறைகிறதா. வண்டி நின்ற பிறகு அந்தச் சக்கரத்தில் சூடோ, கருகிய வாசனையோ, காற்றுக் குறைவோ இருக்கிறதா. இவற்றை ஒரு நோட்டில் எழுதிய பிறகு ஜாக்கியை எடுங்கள். அப்போதும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பாருங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால், கோளாறு போய்விட்டாலும் எதனால் போனது என்பது கடைசிவரை தெரியாது.

சக்கரத்தைத் தூக்கும் முன்

நம் தெருக்களில் சமமான, கெட்டியான தரை கிடைப்பதே சிரமம். தெருவில் பதித்திருக்கும் சிமென்ட் கல்லின் மேல் ஜாக்கியை வைத்தால் கல் ஒரு பக்கம் அமிழ்ந்து ஜாக்கி சாய்ந்துவிடும். மணலில் வைத்தால் ஜாக்கிதான் இறங்குமே தவிர வண்டி ஏறாது. ஓர் அடிக்கு ஓர் அடி அளவில், இரண்டு விரல் தடிமனுள்ள பலகை ஒன்றை டிக்கியில் நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் உண்டு. கடலுக்குப் பக்கத்தில் நின்ற பழைய வண்டிகளில், கதவுக்குக் கீழே ஜாக்கி வைக்கும் விளிம்புத் தகடு வெளியே பெயின்ட்டோடு நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே துருப்பிடித்துப் பொடியாகியிருக்கும். திருப்புளியின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். சத்தம் மந்தமாக வந்தாலோ, தகடு உள்ளே போனாலோ, அந்த இடத்தில் ஜாக்கியை வைக்காமல் ஒரு வெல்டிங் பட்டறையில் காட்டுங்கள்.

மாருதி 800-இல் எஞ்சின் முன் சக்கரங்களைச் சுழற்றுகிறது. ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களைப் பிடிக்கிறது. முன் சக்கரம் ஒன்றைத் தூக்கிவிட்டால் கியரில் போட்டிருப்பதால் பயனில்லை, ஏனென்றால் எஞ்சினின் விசையை இரு முன் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் சுதந்திரமாகச் சுழன்று தரையில் இருக்கும் மற்றதையும் விட்டுவிடும். ஆகவே முன்னால் தூக்கும்போது ஹேண்ட் பிரேக்கும் பின் சக்கரங்களுக்கு முட்டுக்கல்லும் கட்டாயம். பின் சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்க ஹேண்ட் பிரேக்கை விடுவிக்க வேண்டியிருக்கும். அப்போது முதல் கியரும் முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் முட்டுக்கல்லும் கட்டாயம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ நுழைக்காதீர்கள். தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஜாக் ஸ்டாண்டு ஒரு ஜோடி வாங்குவது இந்த வேலையில் செய்ய வேண்டிய முதல் செலவு.

நட்டு கழலவில்லை, சக்கரம் வெளியே வரவில்லை

நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு பலம் கொடுத்தால் வண்டி ஜாக்கியிலிருந்து சரியும். துருப்பிடித்த நட்டாக இருந்தால் துரு நீக்கும் எண்ணெயை முந்தைய நாள் மாலையே இரண்டு முறை விட்டு வைத்து, காலையில் 19 எம்.எம். சாக்கெட்டை முழுவதும் உள்ளே தள்ளி, கைப்பிடியில் ஒரு முழ நீளக் குழாயைச் செருகி, கீழ்நோக்கி நிதானமாக அழுத்துங்கள். வண்டியோடு வரும் குட்டை ஸ்பேனரில் ஏறி நின்று குதிப்பதைப் பலரும் செய்கிறார்கள்; நட்டின் ஆறு முனைகளும் மழுங்குவதும் நட்டு ஏறும் போல்ட்டான ஸ்டட் முறிவதும் அதனால்தான்.

நான்கு நட்டும் கழன்ற பிறகும் ரிம், சக்கரத்தை மாட்டும் இரும்பு மையமான ஹப்போடு ஒட்டிக்கொண்டிருந்தால் அது நடுத் துளையைச் சுற்றிய துரு. நட்டுகளை மீண்டும் கையால் மாட்டி, இரண்டு சுற்றுத் தளர்வாக விட்டு, டயரின் பக்கவாட்டில் ரப்பர் சுத்தியலால் மேலும் கீழும் மாறி மாறித் தட்டினால் விட்டுவிடும். நட்டுகளை முழுவதும் எடுத்துவிட்டுத் தட்டினால் சக்கரம் காலில் விழும்.

திரும்ப மாட்டும்போது ஹப்பின் முகத்தையும் ரிம்மின் உட்புறத்தையும் கம்பி பிரஷால் தேய்த்துத் துருவை நீக்குங்கள். இடையில் ஒரு துருத் துணுக்கு நின்றுவிட்டால் அன்று மாலையே சக்கரம் ஆடத் தொடங்கும். நட்டின் கூம்பான பக்கம் ரிம்மைப் பார்த்திருக்க வேண்டும். முதல் நான்கைந்து சுற்றுகளைக் கையாலேயே திருக வேண்டும். பிறகு மேல், கீழ், இடம், வலம் என்று எதிரெதிராக இறுக்கி, தரையில் இறக்கிய பின் முழு இறுக்கம் கொடுக்க வேண்டும். இறுக்க அளவு வண்டிப் புத்தகத்தில் இருக்கிறது. ஸ்டட் மரையில் கிரீஸ் தடவாதீர்கள். தடவினால் அதே பலத்துக்கு நட்டு கூடுதலாக இறங்கி ஸ்டட்டை நீட்டிவிடும்.

காற்று நிற்கவில்லை

காற்று ஒரே இரவில் இறங்குகிறதா, பத்து நாளில் இறங்குகிறதா என்று பாருங்கள். ஒரே இரவு என்றால் ஆணி. எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலிச் சாலையிலும் லாரிகளிலிருந்து விழும் கட்டுக்கம்பித் துண்டுகள் ஆணியைவிட மோசமானவை, ஏனென்றால் அவை ரப்பருக்குள் முழுவதும் புதைந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும். பத்து நாளில் மெல்ல இறங்கினால் சோப்புத் தண்ணீரை முதலில் வால்வின் வாயிலும், பிறகு வால்வின் அடிப்பகுதியிலும், கடைசியாக ரிம்மும் டயரும் சேரும் வட்டம் முழுவதிலும், உள்பக்கம் உட்பட, தடவிப் பாருங்கள். வால்வின் வாயில் குமிழி வந்தால் உள்ளே இருக்கும் வால்வுப் பின்னை மாற்றினால் போதும்.

ட்யூப்லெஸ் டயரில் விளிம்பு வட்டம் நெடுக நுண்ணிய நுரை வந்தால் ரிம்மின் துருதான் காரணம். பஞ்சர் கடையில் உள்ளே ஒரு ட்யூபைப் போட்டுத் தருவதாகச் சொல்வார்கள். அது எனக்கு உடன்பாடில்லை. ட்யூப்லெஸ் டயருக்குள் இருக்கும் ட்யூப், உட்பக்கத் தையல்களில் உரசிச் சூடாகி, ஆணி குத்தினால் காற்றை மெல்ல விடாமல் ஒரே அடியாக விட்டுவிடும். டயரைக் கழற்றி, ரிம்மின் விளிம்பைப் பளபளவென்று தேய்த்து, பிரைமரும் பெயின்ட்டும் அடித்து, காய்ந்த பிறகு மாட்டச் சொல்லுங்கள். துரு குழி விழும் அளவுக்கு அரித்திருந்தால் ரிம்மையே மாற்ற வேண்டும். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் ரிம் கிடைக்கும். வாங்குவதற்கு முன் அதைச் சமதரையில் படுக்க வைத்து, விளிம்பு எங்கேயும் தரையிலிருந்து எழும்பவில்லையா என்று பார்த்து வாங்குங்கள். பழைய பேரிங், பழைய பிரேக் ஹோஸ், பழைய டயர் ஆகிய மூன்றையும் எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

ஸ்டியரிங் நடுங்குகிறது

எந்த நடுக்கமாக இருந்தாலும் முதல் வேலை, வண்டியை ஓரங்கட்டி நான்கு சக்கரங்களின் நட்டுகளையும் இறுக்கிப் பார்ப்பது. தளர்ந்த நட்டும் நடுக்கமாகத்தான் தொடங்கும். அது சக்கரமே கழன்று ஓடுவதில் முடியும்.

நட்டுகள் சரியாக இருந்தால் வேகத்தைக் கவனியுங்கள். மணிக்கு 60 கி.மீ. வரை ஒன்றுமில்லாமல், 60-க்கும் 80-க்கும் இடையில் வந்து, அதற்கு மேல் குறைவதுபோலத் தோன்றினால் அது பேலன்சிங் கோளாறு, அதாவது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இல்லை. இந்த வண்டியின் டயர் அளவு 145/70 ஆர்12. அகலம் 145 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், ரிம் 12 அங்குலம். கணக்குப் போட்டால் டயரின் சுற்றளவு சுமார் 1.6 மீட்டர் வருகிறது. 60 கி.மீ. வேகத்தில் இந்தச் சின்னச் சக்கரம் ஒரு நொடிக்குப் பத்து முறைக்கு மேல் சுழல்கிறது. ரிம்மின் விளிம்பில் 30 கிராம் எடைக்கட்டி ஒன்று விழுந்துபோயிருந்தால், அந்த வேகத்தில் சக்கரத்தை ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய 2 கிலோ எடைக்குச் சமமான விசை வெளியே இழுக்கும், 80 கி.மீ. வேகத்தில் அது மூன்றரைக் கிலோவாகிவிடும். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப விசை கூடுவதால்தான் தெருவுக்குள் தெரியாத நடுக்கம், மீஞ்சூரில் முடியும் வெளிவட்டச் சாலையில் ஏறியவுடன் கையை உலுக்குகிறது.

பேலன்சிங்குக்குக் காசு கொடுப்பதற்கு முன் ரிம்மின் உட்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழையில் தேங்கிய தண்ணீரில் ஓட்டிவிட்டு வண்டியை நிறுத்தினால், உள்ளே தேங்கிய சேறு ஒரே இடத்தில் காய்ந்து கட்டியாகிவிடும். எங்கள் வண்டியில் ஒரு முறை நடுக்கத்துக்கு அதுவே முழுக் காரணமாக இருந்தது. ஒரு வாளித் தண்ணீரிலும் பழைய பிரஷிலும் சரியாகிவிட்டது.

20, 30 கி.மீ. வேகத்திலேயே ஸ்டியரிங் இடமும் வலமுமாக ஆடினால் அது பேலன்சிங் அல்ல. ரிம் கோணியிருக்கும், அல்லது டயர் வீங்கியிருக்கும். சக்கரத்தைத் தூக்கி, ஒரு செங்கல்லின் மேல் திருப்புளியை வைத்து அதன் முனையை ரிம்மின் விளிம்புக்கு மிக அருகில் நிறுத்தி, சக்கரத்தை மெல்லச் சுழற்றுங்கள். இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி, 2 மி.மீ. அளவுக்கு, கூடிக் குறைந்தால் ரிம் கோணல். ரிம் நேராக இருந்தால் முனையை டயரின் மேற்பரப்புக்கும், பிறகு பக்கச்சுவருக்கும் கொண்டுபோங்கள். ஓரிடத்தில் மட்டும் டயர் புடைத்துக்கொண்டு வந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று பொருள். அந்த டயரைப் பஞ்சர் கடையாலும் காப்பாற்ற முடியாது. அந்த டயரில் வீடுவரைகூட ஓட்டாமல் நான் ஸ்டெப்னியை மாட்டிக்கொள்வேன்.

நடுக்கம் ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன் சக்கரம் என்றும், இருக்கையில் தெரிந்தால் பின் சக்கரம் என்றும் தொடக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். பிரேக் மிதித்தால் மட்டும் ஸ்டியரிங் உலுக்கி, மிதியும் காலுக்கடியில் துடித்தால், முன் டிஸ்க் சமனாகத் தேயவில்லை. ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது நடுங்கி, காலை எடுத்தவுடன் நின்றுவிட்டால், கியர் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டான ஆக்ஸிலின் உள்பக்க ஜாயின்ட்டைச் சந்தேகியுங்கள்.

வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது

மழைநீர் வடிவதற்காக நம் சாலைகள் இடப்பக்கம் சரிவாகப் போடப்படுகின்றன. ஆகவே கையை விட்டால் வண்டி இடப்பக்கம் மெல்லச் சாய்வது கோளாறல்ல. வலப்பக்கம் இழுத்தாலோ, இடப்பக்கம் வெடுக்கென்று இழுத்தாலோதான் தேட வேண்டும். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது நான்கிலும் காற்றை அளந்து, கதவோரத்திலோ புத்தகத்திலோ குறித்திருக்கும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். இதற்குச் சொந்தமாக ஒரு அழுத்தமானி வைத்துக்கொள்வது நல்லது.

காற்று சமமாக இருந்தும் இழுத்தால், முன்னிரண்டு சக்கரங்களையும் இடம் வலமாக மாற்றிப் போடுங்கள். பக்கச்சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும் டயரென்றால் சோதனைக்காக மட்டும் மாற்றிவிட்டுத் திரும்பப் பழையபடி போட்டுவிட வேண்டும். இழுவை பக்கம் மாறினால் டயரில் கோளாறு; மாறாமல் அதே பக்கம் இழுத்தால் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) அல்லது ஒட்டிப் பிடிக்கும் பிரேக். பிரேக் என்றால் அந்தச் சக்கரம் சுடும். அதற்கான பகுதி கீழே வருகிறது. அலைன்மென்ட்டுக்குப் போகும் முன் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டிலும், சக்கரத்தைக் கீழிருந்து சஸ்பென்ஷனோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டிலும் ஆட்டம் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆட்டம் இருக்கும்போது எந்திரத்தில் வைத்துச் சரிசெய்த கோணம், கடையை விட்டு வெளியே வந்து முதல் பள்ளத்தில் இறங்கியதும் மாறிவிடும்.

வேகத்தோடு கூடும் முனகல்

இதில்தான் நான் பணத்தை இழந்தேன். 40 கி.மீ. வேகத்தில் மெல்லத் தொடங்கி, வேகம் கூடக் கூட விமானம் கிளம்புவதுபோல உயரும் ஒரு முனகல், முன் இடப்பக்கத்திலிருந்து வந்தது. ஒரு பட்டறையில் காட்டினேன். வண்டியில் ஏறிக்கூடப் பார்க்காமல் பேரிங் போய்விட்டது என்றார்கள். இடப்பக்க பேரிங்கை மாற்றிக்கொண்டு வந்தேன். முனகல் அப்படியே இருந்தது. வலப்பக்கத்தையும் மாற்றச் சொன்னார்கள். அன்று காற்று அடிக்க நிறுத்திய இடத்தில், எங்கள் தெருமுனைப் பஞ்சர் கடை அண்ணன் சத்தத்தைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "ஏம்மா, டயர முன்னப் பின்ன மாத்திப் போட்டுப் பாத்தியா?" என்று கேட்டார். மாற்றிப் போட்டவுடன் முனகல் பின்னால் போய்விட்டது. டயரின் முகப்பு ரம்பப் பல்போல மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தது. சத்தம் முழுவதும் அதன் சத்தம். பேரிங்குக்குக் கொடுத்த பணமும் இரண்டு நாள் அலைச்சலும் வீண்.

ஆகவே முனகலுக்கு முதல் சோதனை டயரை முன்னும் பின்னும் மாற்றுவது. சத்தம் இடம் மாறினால் டயர். மாறாமல் இருந்தால் பேரிங்கைத் தேடலாம். இரண்டாவது சோதனை சாலையின் தன்மை. புதுத் தாரில் குறைந்து, சிமென்ட் சாலையில் கூடினால் பெரும்பாலும் டயர். பேரிங்குக்கு எந்தச் சாலையும் ஒன்றுதான். மூன்றாவது, ஆளில்லாத அகலமான சாலையில் 40, 50 கி.மீ. வேகத்தில் வண்டியை மிருதுவாக இடமும் வலமும் வளைத்துப் பார்ப்பது. வலப்பக்கம் திருப்பும்போது எடை இடப்பக்கச் சக்கரங்களின் மேல் ஏறும். அப்போது முனகல் கூடினால் பெரும்பாலும் இடப்பக்க பேரிங், இடப்பக்கம் திருப்பும்போது கூடினால் வலப்பக்க பேரிங். ஞாயிறு விடியற்காலையில் தவிர மற்ற நேரத்தில் நம் பகுதியில் இதைச் செய்ய முயலவே கூடாது.

நான்காவது சோதனை நிற்கும் வண்டியில். முன் சக்கரத்தைத் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, ஸ்டாண்டு கொடுத்த பிறகு, ஒரு கையைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் மேல் வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுழற்றுங்கள். நல்ல பேரிங் கைக்கு எதையும் சொல்லாது. தேய்ந்த பேரிங்கில் மணலைப் போட்டு அரைப்பதுபோன்ற நறநறப்பு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வரும். காதுக்குக் கேட்காததுகூடக் கைக்குத் தெரியும். பிறகு டயரை மேலும் கீழுமாகப் பிடித்து உள்ளும் வெளியும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மீண்டும் அசையுங்கள். பிரேக் மிதித்தவுடன் ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் கீழே உள்ள பால் ஜாயின்ட். இடமும் வலமுமாகப் பிடித்து அசைக்கும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் டை ராடு எண்ட்.

முன் பேரிங்கை வீட்டில் மாற்ற முயலாதீர்கள். அது ஹப்பைத் தாங்கும் இரும்புப் பாகமான நக்கிளுக்குள் இறுக்கமாக அழுத்திப் பொருத்தப்பட்டது. சுத்தியலால் அடித்து ஏற்றினால் குண்டுகள் ஓடும் தடத்தில் வடு விழுந்து, புது பேரிங் சில மாதங்களிலேயே முனகத் தொடங்கும். நக்கிளைக் கழற்றிப் பிரஸ் இருக்கும் பட்டறைக்கு எடுத்துப்போவது சரி. லேத் பட்டறைகளுக்கு நம் பகுதியில் பஞ்சமில்லை. அங்கே கேட்க வேண்டியது ஒன்று உண்டு. பேரிங்கை ஏற்றும்போது வெளிவளையத்தில்தான் அழுத்த வேண்டும், உள்வளையத்தில் அழுத்தக் கூடாது. அதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். எண்ணெய் முத்திரை வளையத்தையும் (ஆயில் சீல்) அதோடு புதிதாகப் போடுங்கள். ஆக்ஸில் முனையின் பெரிய நட்டைக் கழற்றினால், பழைய பிளவு ஊசியை (ஸ்ப்ளிட் பின்) மீண்டும் பயன்படுத்தாமல் புதியதைப் போட வேண்டும்.

வளைக்கும்போது கட கட என்ற சத்தம்

ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துக் குறுகலான தெருவில் திரும்பும்போது முன்பக்கம் கட கட என்று சீராகத் தட்டினால், ஆக்ஸிலின் வெளிப்பக்க ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் பூட் கிழிந்து, சுற்றிலும் கிரீஸ் தெறித்திருக்கும். கிழிசலைச் சத்தம் வருவதற்கு முன்பே பார்த்துவிட்டால் பூட்டையும் கிரீஸையும் மட்டும் மாற்றித் தப்பிக்கலாம். சத்தம் வந்துவிட்டால் ஜாயின்ட்டே போக வேண்டியதுதான்.

ஒரு சக்கரம் மட்டும் சுடுகிறது

பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, முடிந்தவரை பிரேக்கைத் தொடாமல் நிறுத்தி, நான்கு ரிம்மின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொடாதீர்கள். முன்னிரண்டும் பின்னிரண்டைவிடச் சூடாக இருப்பது இயல்பு. ஆனால் இடமும் வலமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பின் சக்கரமாக இருந்தால் ஹேண்ட் பிரேக் கேபிளைப் பாருங்கள். மழைக்காலத்தில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு நான்கைந்து நாள் நிறுத்தினால் டிரம்முக்குள் அழுத்தும் பிரேக் ஷூ துருவோடு ஒட்டிக்கொள்ளும். கேபிளும் உறைக்குள் துருப்பிடித்துத் திரும்பி வராது. கணேசபுரம் சுரங்கப்பாதை, ஜீவா ரயில்நிலையப் பக்கச் சுரங்கப்பாதை போன்ற இடங்களில் தேங்கிய தண்ணீரைக் கடந்து வந்த நாளில், வீட்டுக்கு வந்ததும் ஹேண்ட் பிரேக்கைப் போடாமல், முதல் கியரில் விட்டுச் சக்கரங்களுக்குக் கல் வைத்து நிறுத்துவது எங்கள் வழக்கம். நிறுத்தும் முன் நூறு மீட்டர் தூரம் பிரேக்கை இலேசாக மிதித்தபடி ஓட்டினால் டிரம்மும் டிஸ்க்கும் காய்ந்துவிடும்.

முன் சக்கரமாக இருந்தால் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் காலிபர் நகரும் ஊசிகள் துருவில் இறுகியிருக்கலாம், பிஸ்டன் சிக்கியிருக்கலாம், அல்லது ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் ஊதிப்போய் ஆயிலைத் திரும்ப விடாமல் இருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய எளிய வழி உண்டு. சக்கரத்தைத் தூக்கி, பிரேக்கை மிதித்துக் காலை எடுத்த பிறகும் சக்கரம் இறுகியிருக்கும்போது, காலிபரில் இருக்கும் காற்று வெளியேற்றும் திருகான பிளீடர் நிப்பிளைக் கால் சுற்றுத் திறங்கள். ஆயில் பீச்சிச் சக்கரம் உடனே சுதந்திரமாகச் சுழன்றால் அழுத்தம் உள்ளே அடைபட்டிருந்தது; ஹோஸை மாற்ற வேண்டும். அப்படியும் சக்கரம் இறுகியே இருந்தால் காலிபரின் இயக்கத்தில்தான் சிக்கல். நிப்பிளைத் திறந்தால், ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்றி ஆயில் அளவைச் சரிசெய்யாமல் வண்டியை நகர்த்தக் கூடாது. பிரேக் ஆயில் பெயின்ட்டில் பட்டால் பெயின்ட் உரியும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் கரும்பொடியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அது நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. மூக்கை மூடிக்கொண்டு, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். இதைச் செய்யாமல் டிரம் வேலை பார்க்கும் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பள்ளத்தில் இறங்கினால் டொக் என்கிறது

சக்கரத்தின் பகுதியில் கேட்டாலும் இது பெரும்பாலும் சக்கரம் அல்ல. சஸ்பென்ஷனின் கீழ்க் கையில் (லோயர் ஆர்ம்) இருக்கும் ரப்பர் புஷ், பால் ஜாயின்ட், அல்லது ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்ட். மவுண்ட்டை வீட்டிலேயே சோதிக்கலாம். பானெட்டைத் திறந்து மவுண்ட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு, இன்னொருவரை ஸ்டியரிங்கைத் திருப்பச் சொன்னால், போன மவுண்ட் கைக்குக் குதிக்கும். புஷ்ஷையும், முனகலுக்குச் சொன்ன அசைப்புச் சோதனையில் சந்தேகம் தெளியாவிட்டால் பால் ஜாயின்ட்டையும் நெம்புகோல் வைத்துப் பார்க்கும் பட்டறையில் காட்டுங்கள்.

டயரின் தேய்மானம் சொல்வது

வண்டியை ஓட்டாமலே தெரிந்துகொள்ளக்கூடிய அறிகுறி இது. மாதம் ஒரு முறை உள்ளங்கையால் டயரின் முகப்பைக் குறுக்காகவும் சுற்றுவாட்டிலும் தடவுங்கள். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம்; இரு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்று குறைவு. உள்பக்கத்திலிருந்து வெளியே தடவும்போது வழவழப்பாகவும், திரும்பத் தடவும்போது குத்துவதாகவும் இருந்தால் அலைன்மென்ட்டில் டோ கோணம், அதாவது சக்கரத்தின் முன்பக்கம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு, கெட்டிருக்கிறது. சுற்றுவாட்டில் இடைவெளி விட்டுவிட்டுக் குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் தளர்ந்து டயர் சாலையில் குதித்துக்கொண்டு போகிறது. காரணத்தைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே வடிவத்தில் தேயும்.

காடிகளுக்கு நடுவே இருக்கும் சிறு ரப்பர் மேடுகள் தேய்மான எல்லையைக் காட்டுபவை. கார் டயரில் காடியின் ஆழம் 1.6 மி.மீ.-க்குக் கீழே போகக் கூடாது. மேடும் முகப்பும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் அந்த எல்லை வந்துவிட்டது. நவம்பர் மழையில், தண்ணீர் நிற்கும் சாலையில் ஓட்ட வேண்டிய நமக்கு அந்த எல்லைவரை காத்திருப்பதுகூட நல்லதல்ல. தண்ணீரை வெளியே தள்ளக் காடியில் ஆழம் இல்லாத டயர், தார் சாலையைத் தொடாமல் தண்ணீரின் மேலேயே வழுக்கும்.

ஆழம் நிறைய இருந்தாலும் வயதையும் பார்க்க வேண்டும். பக்கச்சுவரில் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். அதிகம் ஓடாத குடும்ப வண்டிகளில் டயர் தேய்வதற்கு முன்பே வெயிலில் காய்ந்து, பக்கச்சுவரில் தலைமுடி போன்ற வெடிப்புகள் விட்டுவிடும். எங்கள் ஸ்டெப்னியின் காடிகள் புதுசுபோல இருந்தன. அப்பா அதை ஒரு முறைகூடச் சாலையில் இறக்கவில்லை. அதைத் துடைத்துவிட்டுப் படித்தபோது எண் 0809 என்று இருந்தது. பக்கச்சுவரை விரலால் அழுத்தி வளைத்தேன்; வெடிப்புகள் வாய் திறந்தன. அன்றே அதை ரிம்மிலிருந்து எடுத்து, வேறு யாரும் ஓட்ட முடியாதபடி பக்கச்சுவரைக் கத்தியால் கிழித்துப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டு, அந்த ரிம்மில் ஒரு புது டயரை மாட்டி வைத்தேன்.